கல்லீரலுக்காக ஒரு கந்தசஷ்டி

ஆக்லாந்தில் என் உடம்பைப் பற்றிப் பேசாத தமிழர்கள் அநேகமாக இல்லை. என் இடுப்பு, முகவாய்க்குக் கீழே தொங்கும் சதை, புடவையில் எப்படி இருக்கிறேன், சுடிதாரில் எப்படி இருக்கிறேன் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார்கள். கல்லீரலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதைப் பற்றி முதலில் பேசியவர் ஒரு வெள்ளைக்கார அறுவை மருத்துவர்.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் வயிற்றை வரைந்தார். மிகவும் அகலமாக வரைந்தார் என்று எனக்குப் பட்டது. நடுவில் இரைப்பை. அதன் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் மாதிரி விட்டுவைப்பதுதான் ஆபரேஷன். இரைப்பைக்கு மேலே பென்சிலைச் சாய்த்துப் பெரிதாக ஒன்றைத் தீட்டினார். அது கல்லீரல். சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, இந்தக் கல்லீரலைத் தூக்கிப் பிடித்தால்தான் அடியில் இருக்கும் இரைப்பை கண்ணுக்குத் தெரியுமாம். கொழுப்பேறிய கல்லீரல் கனக்குமாம், தூக்கினால் கிழியுமாம், ரத்தம் கசியுமாம். எனவே ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று வாரம் தனிச் சாப்பாடு. சாப்பாடு என்று அவர் சொன்னதால் நானும் சொல்கிறேன்.

“கல்லீரல் சுருங்கவில்லை என்றால்?” என்று கேட்டேன்.

“உள்ளே பார்ப்போம். மூடிவிடுவோம். வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்” என்றார். நாளைக்கு மழை வரலாம் என்று சொல்கிற அதே முகம். எனக்கு ஈரக்குலை நடுங்கியது. நடுங்கி என்ன பயன், சுருங்க வேண்டும் என்கிறாரே.

மது அருந்துவீர்களா என்று கேட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று பெருமையோடு சொன்னேன். அப்படியானால் இந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று நானே கேட்கவும் செய்தேன். “அரிசியே போதும்” என்றார் அந்த மனிதர். என் பரம்பரை முழுவதையும் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் அந்த நாற்காலி வரை வந்து சேரவே எனக்கு வருடக்கணக்கில் ஆகியிருந்தது. மூடி அனுப்பிவிட்டால் மறுபடி வரிசையின் வால். எனக்கோ சர்க்கரை மாத்திரையைத் தாண்டி ஊசிக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கால் விரல் போனது, பிறகு பாதம் போனது, பிறகு வாசல் வரை வருவதே போனது. எனக்கு அழகாக வேண்டும் என்றெல்லாம் பெரிய ஆசை இல்லை. இரண்டு காலோடு கிழவியாக வேண்டும் என்று ஆசை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

டயட்டீஷியன் பெண் என்னிடம் பொட்டலங்களைக் காட்டினாள். வனிலா, சாக்லேட், காபி. மூன்று வேளையும் ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கூடவே மாவுச்சத்து இல்லாத காய் கொஞ்சம். சோறு, சப்பாத்தி, உருளைக்கிழங்கு, பருப்பு, பழம் எதுவும் கிடையாது. பால்கூடக் கிடையாது. நான் சந்தையில் பேரம் பேசுகிற பெண்மணி. ரசத்தை எடுத்தேன். ரசம் என்றால் தெளிவான சூப் என்று விளக்கினேன். பருப்பு உண்டா என்றாள். பருப்பை எடுத்துவிடலாம் என்றேன். புளி? அதையும் சுருக்கிக்கொள்ளலாம். தாளிக்க எண்ணெய்? ஒரு துளி. கடைசியில் அவள் அனுமதித்தது மிளகும் சீரகமும் போட்ட வெந்நீர். அதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வனிலா பொட்டலத்தின் ருசியை இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் சுண்ணாம்பைக் கரைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். குடித்து முடித்த பிறகும் நாக்கின் பின்பக்கத்தில் ஒரு தித்திப்பு உட்கார்ந்துகொண்டு எழுந்து போகாது. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் இன்றைக்கும் சொல்லிவிடுவேன்.

என் கணவர் தியாகம் செய்ய முன்வந்தார். “நீ குடிக்கிறதையே நானும் குடிக்கிறேன்மா. உன்னைப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் சாப்பிடுறதா?” என்று கண் கலங்கச் சொன்னார். அந்தத் தியாகம் மதியச் சாப்பாட்டு நேரம் வரை நின்றது. அடுத்த நாள் காரில் ஏறினால் இருக்கைக்கு அடியில் ஒரு காகித உறையும் மாவுத் தூளும். பெட்ரோல் பங்கில் விற்கும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘மீட் பை’.

“டயர்ல காத்து அடிக்கப் போனேன்” என்றார்.

“அதான் வயித்துலயும் அடிச்சுட்டு வந்திருக்கீங்களே” என்றேன். கோபம் எனக்கு அவர் மேல் இல்லை. உறையில் ஒட்டியிருந்த வாசனையின் மேல்தான்.

பென்ரோஸ் பகுதியில் நான் வேலை பார்த்த கிடங்கின் ஆபீஸ் இன்னும் மோசம். அங்கே யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக், யாராவது வேலையை விட்டுப் போனால் கேக், போனவர் எட்டிப் பார்க்க வந்தால் அதற்கும் கேக். ஆனால் அங்கே வேண்டாம் என்று ஒருமுறை சொன்னால் விட்டுவிடுவார்கள். இந்தப் பண்பாடற்ற வெள்ளைக்காரர்களுக்கு வற்புறுத்தவே தெரியாது.

நம்மவர்கள் அப்படியா? சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஹாலில் ஏதாவது ஒரு விசேஷம் இருக்கும். சர்க்கரை என்று சொன்னால், “ஒரு நாள்ல என்ன ஆயிடும், மாத்திரை போட்டுக்கலாம்” என்பார்கள். வயிறு சரியில்லை என்றால் தயிர் சோறு வரும். டயட் என்றால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே ஜாங்கிரியை வைப்பார்கள். உண்மையைச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வட்டத்தில் முன்பு ஒரு பெண் இதே ஆபரேஷன் செய்துகொண்டாள். அவள் பேர் ஒரு வருடம் எங்கள் வாயில் கிடந்து அரைபட்டது. சோற்றைக் குறைக்கச் சோம்பேறித்தனப்பட்டு வயிற்றை வெட்டிக்கொண்டவள் என்று பட்டம் கொடுத்தோம். அவள் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டாள்.

அப்போது மிகச் சத்தமாகப் பேசியவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா. “வாயைக் கட்டத் தெரியாததுகள்தான் வயித்தை வெட்டுதுகள்” என்றார். சொல்வதற்கு அவருக்குத் தகுதி இருந்தது. அக்காவும் ஒரு காலத்தில் என் அளவு இருந்தவர். ஒரு வருடம் கந்தசஷ்டி விரதம் பிடித்தார். பிடித்தவர் அப்படியே இளைத்துக்கொண்டே போனார். பழைய சட்டைகளை எல்லாம் எங்களுக்கே பிரித்துக் கொடுத்தார், எனக்கும் இரண்டு வந்தன. விருந்துகளில் ஒரே ஒரு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, பிட்டுப் பிட்டு அரைமணி நேரம் மெல்லுவார். முருகன் கொடுத்த அடக்கம் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். முருகன் எனக்கு மட்டும் ஏன் பஞ்சாமிர்தத்தைக் காட்டினான் என்று கேட்பேன்.

ஆனால் வழியும் அங்கேதான் இருந்தது. ஒரு தமிழ் வீட்டில் சாப்பாட்டை மறுக்க உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் செல்லும். விரதம் என்று சொன்னால் நீட்டிய கை தானாகப் பின்வாங்கும். காலண்டரைப் பார்த்தேன். என் மூன்று வாரமும் கந்தசஷ்டியும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. சஷ்டிக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன், வேண்டுதல், பால் மாதிரி ஒரு திரவம் மட்டும்தான் என்று ஒரு இடத்தில் சொன்னேன். போதும், ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கடவுளுக்குப் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்குத்தான் என் கல்லீரலே தெரியுமே.

திடீரென்று எனக்கு மரியாதை வந்தது. என் இடுப்பைப் பற்றிப் பேசிய அதே பெண்கள் என் காலைத் தொடாத குறை. ஆபரேஷனுக்குப் பித்தப்பைக் கல் என்று ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். பித்தப்பைக்கும் அதே மாதிரி துளைகள்தான், தழும்பைப் பார்த்தாலும் சந்தேகம் வராது. இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை.

பசி முதல் சில நாள் என்னை ஆட்டி வைத்தது. இறைச்சிக் கடை வழியாகப் போகும்போது கண்ணாடிக்குப் பின்னால் தட்டில் கிடந்த ஆட்டு ஈரலைப் பார்த்து நின்றுவிட்டேன். மிளகு போட்டு வறுத்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம், என்னுடையதும் இப்படித்தான் மினுமினுக்குமோ என்ற நினைப்பு மறுபக்கம். பிறகு பசி மரத்துப்போய், வாயில் ஒரு விநோத நாற்றம் வந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அம்மா, யூ ஸ்மெல் லைக் நெய்ல் பாலிஷ் ரிமூவர்” என்றாள். கொழுப்பு எரிகிறது, நல்லதுதான் என்று டயட்டீஷியன் சொன்னாள். நல்ல செய்தியை யாருடைய முகத்துக்கும் நேராகச் சொல்ல முடியாத நிலை எனக்கு.

சஷ்டி தொடங்கிய நாள் கோயிலில் அக்கா என் நெற்றியில் விபூதி பூச நெருங்கி வந்தார். பூசிய கை ஒரு கணம் நின்றது. என்னை உற்றுப் பார்த்தார்.

“கடுமையாப் பிடிக்கிறீர் போலை” என்றார்.

“ஆமாக்கா. வேண்டுதல்.”

“ஓம், ஓம். பிடிச்சாப் போதாது பிள்ளை, முறையா முடிக்கவும் வேணும். பாறணைக்கு வாறீர்தானே?”

பாறணையா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்நாட்டில் எங்கள் வீட்டில் விரதம் என்றால் காலையில் இட்லி, இரவில் பலகாரம். சோற்றுக்குத்தான் விடுமுறை, வாய்க்கு இல்லை. இவர்களுடைய விரதம் அப்படி இல்லை. ஆறு நாள் வயிற்றைக் காயப்போட்டு, சூரன் விழுந்த மறுநாள் காலையில் விரதக்காரர்கள் எல்லோரையும் கோயிலில் வரிசையாக உட்கார வைத்து, இலை போட்டு, சோறு, பருப்பு, காய்கறிகள், பாயசம், வடை என்று பரிமாறி விரதத்தை முடித்துவைப்பார்கள். அதுதான் பாறணை. அதைச் சாப்பிடாவிட்டால் பிடித்த விரதத்துக்குப் பலனே இல்லையாம். என் பாறணை ஞாயிற்றுக்கிழமை. என் ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டிலிருந்து தப்பிக்க, மொத்த ஊரிலும் பெரிய சாப்பாடு எதுவோ அதற்குள் போய் நான் ஒளிந்திருக்கிறேன்.

டயட்டீஷியனுக்குப் போன் போட்டேன். மதச் சடங்கு, ஒரே ஒரு வேளை என்று குழைந்தேன். கடைசி நாட்களில் வயிறு முட்ட மாவுச்சத்துச் சாப்பிட்டால் கல்லீரல் அதைத் தண்ணீரோடு சேர்த்துச் சேமித்துக்கொண்டு மறுபடி உப்ப ஆரம்பிக்கும் என்றாள். செவ்வாய்க்கிழமை அதைத் தூக்கப்போவது தான் இல்லை, மருத்துவர்தான், அவரிடம் வேண்டுமானால் கேட்கிறீர்களா என்றாள். நல்ல பெண்தான், ஆனால் நாக்கு நீளம்.

சரி, காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துவிடலாம் என்று முடிவு செய்தபோது கணவர் முகம் மலர வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைப் பாறணை உபயத்துக்கு எங்கள் குடும்பத்தின் பேரைக் கொடுத்துவிட்டாராம்.

“உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? அது நிஜ விரதம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. ஆனா எல்லாரும் உன்னைப் பத்தி அவ்வளவு பெருமையா பேசுறாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே பக்தி வந்துடுச்சு” என்றார். பொய்யைக் கட்டிய நான் தெளிவாக இருந்தேன். கூட இருந்தவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் ஹாலில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். உபயகாரி என்பதால் எனக்கு முதல் வரிசையில் நடு இடம். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எதிரில் சோறு வந்துகொண்டிருந்தது. அடுத்தடுத்த இலைகளில் ஆவி பறந்தது. நெய் வாசனை. வடையைக் கூடையோடு தூக்கி வந்தார்கள். மூன்று வாரமாகச் சுண்ணாம்புத் தண்ணீர் குடித்தவளுக்கு அது என்ன சோதனை என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டால் செவ்வாய்க்கிழமை போகும். சாப்பிடாவிட்டால் மானம் போகும், ஆஸ்திரேலியாவுக்கும் போக வேண்டியிருக்கும். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் பாதத்தைவிட இந்தப் பெண்களின் வாய் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. கையை இலைப் பக்கம் நீட்டிவிட்டேன்.

அப்போது சோற்று வாளியோடு வந்தவரைக் கையால் தடுத்து நிறுத்திவிட்டு அக்கா முன்னால் வந்தார். கையில் ஒரு உயரமான எவர்சில்வர் டம்ளர், மேலே மூடி.

“அவவுக்குச் சோறு போடாதையுங்கோ” என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “அவ பால் குடிச்சு முடிக்கிறதெண்டு நேர்த்தி வைச்சிருக்கிறா. என்னட்டைச் சொன்னவ. இந்தாரும் பிள்ளை, குடியும்.”

நான் அப்படி எதுவும் சொல்லவில்லை. பாலும் எனக்கு விலக்குதான். அதில் எவ்வளவு சீனி போட்டிருக்கிறாரோ என்று பயந்துகொண்டே மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன்.

காய்ச்சல் மருந்து. சுண்ணாம்பு. நாக்கின் பின்பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட அந்தத் தித்திப்பு.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து இலைக்கு வடை வைத்துக்கொண்டிருந்தார். “முழுக்கக் குடிச்சு முடியும், வீணாக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னார். முழுக்கக் குடித்தேன். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே என் பக்தியைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி தன் இலையில் இருந்த இரண்டாவது வடையை, பாவம், குற்ற உணர்ச்சியோடு தின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அழுகையை எல்லோரும் முருகன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மயக்க மருந்து ஏறுவதற்குள் கல்லீரலிடம் கெஞ்சினேன். இத்தனை வருடம் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, மன்னித்துக்கொள், இன்றைக்கு மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நில் என்றேன்.

கண் விழித்தபோது வயிறெங்கும் வலி. வலித்தால் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. மூடி அனுப்பினாலும் துளை வலிக்கத்தானே செய்யும். மருத்துவர் வந்து கட்டிலருகில் நின்றார். எல்லாம் முடிந்துவிட்டது, நன்றாக நடந்தது என்றார். “உங்கள் கல்லீரல் மிக அழகாக இருந்தது” என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லவில்லை, கட்டியவர் வாய் திறந்து சொன்னதில்லை, பெற்ற மகளும் சொன்னதில்லை. என்னில் ஒரு பாகத்தை அழகு என்று முதன்முதலாக ஒரு ஆண் சொல்கிறார், அதுவும் யார் கண்ணிலும் படாத பாகத்தை. அவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று பார்த்தேன். அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா வந்தார். கணவர் காபி வாங்கப் போகும் வரை பித்தப்பைக் கல்லைப் பற்றி மிகுந்த அக்கறையோடு விசாரித்தார். அவர் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்றேன்.

“உம்மடை வாய் மணம். விபூதி பூசேக்கை அடிச்சுது. எனக்கும் அப்பிடித்தான் இருந்தது.”

“அப்போ உங்க சஷ்டி...”

“சஷ்டி பிடிச்சனான்தானே” என்றார் அக்கா சற்றுக் கோபமாக. “அதுக்குப் பிறகு ஒவ்வொரு வரியமும் உண்மையாப் பிடிக்கிறன். அதை விடும்.” குரலைத் தாழ்த்தினார். “ஈரல் என்ன மாதிரியாம்?”

“ரொம்ப அழகா இருந்துதுன்னு சொன்னாருக்கா.”

அக்காவின் முகம் மாறியது. இத்தனை வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படி முகம் மாறியதில்லை. பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார், கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரி செய்தார்.

“எனக்கு அந்தாள் பரவாயில்லை எண்டு மட்டும்தான் சொன்னவர்” என்றார்.